தோற்றுக்கொண்டிருந்த குளிர்காலம்

"எங்க வீட்ல ரெண்டு பேருமே சம்பாதிக்கிறோம்" என்று என் கணவர் அந்த வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கோவிலில் பார்ப்பவர்களிடம், ஊரிலிருந்து போன் செய்யும் தம்பியிடம், நியூஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மெண்ட்டின் துணி துவைக்கும் அறையில் நிற்பவர்களிடம்கூட. எதில் சம்பாத்தியம் என்று யாராவது கேட்டால், "ஆன்லைன்ல... ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாதிரி" என்று இழுப்பார். எனக்கு அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி கிடையாது. அவருடைய விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த மனைவி நான். நான் சம்பாதித்தது கம்ப்யூட்டரில் போக்கர் ஆடி. அவர் அப்படிப் பெருமையடித்துக்கொண்டிருந்த அந்த இலையுதிர் காலத்தில் நான் பல வாரங்களாகத் தோற்றுக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். இங்கே வந்த முதல் வருடம் முழுக்கச் சமைத்தேன், டிவி பார்த்தேன், ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆனால் போவதற்கு இடம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் இவருடைய ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து போக்கர் ஆடுவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். ஐந்து சீட்டு நடுவில், எல்லோருக்கும் பொதுவாக ஒவ்வொன்றாகத் திறக்கும். யாருடைய சேர்க்கை பெரிது என்று பந்தயம். நான் வெங்காய பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வேன். நின்றபடியே மனசுக்குள் கணக்கு ஓடும். இந்தச் சீட்டு வர எத்தனை வழி, வராமல் போக எத்தனை வழி. அவர்கள் யாரும் அதைப் போடுவதாகவே தெரியவில்லை. முகத்தைப் பார்த்து, சிரித்து, குருட்டாம்போக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் வரவில்லை. "நீ உக்காரேன்" என்றார் இவர், விளையாட்டாக. அன்றைக்குக் காசுக்குப் பதிலாக மேஜையில் வைத்திருந்த பிளாஸ்டிக் வில்லைகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக என் முன்னால் வந்து குவிந்தன. "என்னங்க சிஸ்டர், பஜ்ஜி போட்டே எங்கள கவுத்துட்டீங்க" என்றார் ஒருவர். இவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே தன் பெயரில் ஒரு போக்கர் இணையதளத்தில் கணக்கு ஆரம்பித்து, சின்னத் தொகை போட்டு, "டைம் பாஸ் பண்ணு" என்று கொடுத்தார். அவர் ஆபீஸ் போன பிறகு ஆடுவேன். மிகச் சின்னப் பந்தயம் கட்டும் மேஜைகள். எதிரில் இருப்பவர்கள் வெறும் பெயர்கள், ஒரு பொம்மைப் படம். பத்தில் எட்டுத் தடவை சீட்டை மடக்கி, அந்த ஆட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். நல்ல கை வரும்போது மட்டும் உள்ளே போவேன். பட்டன் தைப்பது போன்ற சலிப்பான வேலைதான். ஆனால் மாதக் கடைசியில் ஏதோ மிஞ்சியது. முதலில் மளிகைச் செலவுக்கு, பிறகு வாடகையில் ஒரு பங்குக்கு. என் காசில் எனக்கு ஒரு கனமான கோட்டு வாங்கினேன். அம்மாவிடம் "பார்ட் டைமா ஒரு வேலை பாக்குறேன்" என்று சொன்னபோது அது பொய்யாகவே தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேலாக இப்படிப் போயிற்று.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. கையில் இரண்டு ஒன்பது. நடுவில் இன்னொரு ஒன்பது திறந்தது. மூன்று ஒன்பது என்பது சுலபத்தில் தோற்காத கை. எதிரில் இருந்தவன் தன்னிடம் இருந்த அத்தனையையும் தள்ளினான். நானும் தள்ளினேன். சீட்டைக் காட்டினான். இரண்டு ஆட்டின். நடுவில் ஏற்கெனவே இரண்டு ஆட்டின் இருந்தது. ஐந்து சீட்டு ஒரே இனமானால் அது மூன்று ஒன்பதைவிடப் பெரிது; கடைசிச் சீட்டு ஆட்டினாக வந்தால் மட்டுமே அவன் ஜெயிப்பான். ஐந்து தடவையில் ஒரு தடவைதான் வரும். வந்தது.

இதில் ஒன்றும் இல்லை. ஐந்தில் ஒரு தடவை வரும் என்பதற்கு அர்த்தமே அது எப்போதாவது வரும் என்பதுதான். எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அன்றைக்கே இன்னொரு தடவை அதே மாதிரி நடந்தது. மறுநாளும். அந்த வாரம் முழுவதும். கையில் இரண்டு ராஜா வந்தால் எதிராளியிடம் இரண்டு ஏஸ் இருந்தது. எதிராளி பொய்ப் பந்தயம் கட்டுகிறான் என்று நான் நினைத்தபோதெல்லாம் அவனிடம் நிஜமாகவே சீட்டு இருந்தது. நிஜமாகவே இருக்கிறது என்று நினைத்து நான் மடக்கினால், தன் வெறும் கையைத் திறந்து காட்டிச் சிரித்தான்.

வகுப்பில் நான் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டு, "இதுக்கு ஞாபகம் கிடையாது, போன தடவை என்ன விழுந்ததுன்னு இதுக்குத் தெரியாது" என்று சொல்லித் தருவேன். பெண்கள் தலையாட்டுவார்கள். இப்போது எனக்கே நான் அதைச் சொல்லிக்கொண்டேன். மூளைக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. காலையில் இவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். கம்ப்யூட்டரைத் திறப்பதைத் தள்ளிப்போடுவேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாற்காலியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மேஜையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினேன். ஜெயித்த நாட்களில் என்ன புடவை, என்ன சுடிதார் போட்டிருந்தேன் என்று யோசித்தேன். மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டரில் ராகுகாலம் பார்த்து அந்த நேரத்தில் ஆடாமல் இருந்தேன். அந்த ராகுகாலம் இந்திய நேரத்துக்கா, நியூஜெர்சி நேரத்துக்கா என்று ஒரு நாள் நிஜமாகவே குழம்பி, இரண்டையும் விட்டுவிட்டு மிச்ச நேரத்தில் ஆடினேன். அன்றும் தோற்றேன். புள்ளியியல் வாத்தியாரம்மா செய்த காரியம்.

சமையல் மோசமானது. குக்கரில் விசில் எண்ண மறந்து பருப்பு அடிப்பிடித்தது. இவர் கேட்டால், "தலவலி" என்பேன். "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டால், "பரவால்ல" என்பேன். பரவாயில்லை என்பது எவ்வளவு வசதியான வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

எதிர் வீட்டில் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த அக்காவுக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பள்ளிக்கூடம் போகிற இரண்டு குழந்தைகள். கணவர் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து போன் கடை வைத்திருந்தார். அக்கா என்ன சமைத்தாலும் ஒரு டப்பாவில் எனக்கும் கொண்டுவருவார். நான் இட்லி மாவு அரைத்தால் அவருக்கும் போகும். நான் தோற்கத் தொடங்கிய பிறகு அவர் கதவைத் தட்டினால் பல நாள் திறக்கவில்லை. பாதி ஆட்டத்தில் எழுந்தால் அதிர்ஷ்டம் போய்விடும் என்று பயம். பிறகு திறந்து பார்த்தால் வாசலில் டப்பா இருக்கும்.

ஒரு நாள் துணி துவைக்கும் அறையில் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். கடைல வியாபாரமே இல்ல. நானும் உன்னய மாதிரி ஆன்லைன்ல எதாச்சும் பண்ணலாம்னு பாக்குறேன். நா பி.காம்தான். ஆனா சொன்னா புடிச்சிக்குவேன். சொல்லித் தர்றியா?"

நான் ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னேன். "அது... ரொம்பக் கஷ்டம்க்கா. உங்களுக்குச் சரிப்படாது."

அவர் முகம் சுருங்கியது. பி.காம் என்று சொன்னதால் இளக்காரமாகப் பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். "சரிம்மா" என்று துணிக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு டப்பா வருவது நின்றது.

குளிர் ஆரம்பித்தது. செய்தியில் தினம் ஒரு வங்கி திவால், தினம் ஒரு கம்பெனியில் ஆள் குறைப்பு. நவம்பரில் ஒரு மத்தியானம் இவர் கார் வந்து நின்றது. ஜன்னலில் பார்த்தேன். காரை விட்டு இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரை மூடிவிட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

"எங்க டீம் மொத்தமும்" என்றார் உள்ளே வந்து. ஷூவைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தார். அவர் வேலை பார்த்தது ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில். ஆபீஸுக்குப் போக வேண்டாம், இரண்டு மாதம் மட்டும் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் வேறு கம்பெனி எடுத்துக்கொண்டு விசாவை மாற்றவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும். அவர் வீட்டில் தங்கை கல்யாணத்துக்கு வாங்கின கடன் இன்னும் முடியவில்லை.

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "டென்ஷன் ஆகாத. நா அப்ளை பண்ணிட்டே இருக்கேன். நீ இருக்கல்ல? ரென்ட்டுக்காவது வந்துரும்ல?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று அவரிடம் மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை நான்தான்.

"வந்துரும்" என்றேன்.

அதுவரை தோற்றது ஒரு மாதிரி. அதற்குப் பிறகு தோற்றது வேறு மாதிரி. அவர் படுக்கையறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து வேலைக்கு மனுப் போடுவார். நான் ஹாலில். இரண்டு பேரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு ஒரே வீட்டில் பகல் முழுக்க. அவ்வப்போது எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "எப்படிப் போவுது?" என்பார். அந்தக் கை பட்டதும் "பரவால்ல" என்பேன். வாடகை வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சீட்டைப் பார்த்தால் சீட்டு தெரியாது, வாடகைதான் தெரியும். மடக்க வேண்டிய கையை, இவ்வளவு போட்டாயிற்றே என்று பிடித்துக்கொண்டிருந்தேன். அடித்து ஆட வேண்டிய நல்ல கையில், இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து சும்மா இருந்தேன். அந்தச் சமயத்தில் வங்கிகள் இந்த மாதிரி ஆட்டத்துக்குப் பணம் அனுப்ப மறுக்கத் தொடங்கியிருந்தன. புதிதாகப் பணம் போடுவது லேசு இல்லை. இருப்பதுதான் இருப்பு. அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் ஒரு நாள் இவர் டெலிபோன் இன்டர்வியூவுக்காகக் காருக்குப் போனார். வீட்டுக்குள் சிக்னல் சரியாக வராது. அவர் போனதும் நான் எப்போதும் ஆடும் மேஜையை மூடினேன். அதைவிடப் பல மடங்கு பெரிய மேஜைக்குப் போனேன். ஒரே மத்தியானத்தில் விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம், இவருக்குத் தெரியவே வேண்டாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும். அப்படி நினைத்தபோது எனக்கு ஒரு விசித்திரமான அமைதி வந்தது. இரண்டு ராணி வந்தது. தள்ளினேன். எதிராளி யோசிக்கவே இல்லை. அவனிடம் இரண்டு ராஜா. மிச்சத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை என் கையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்று தெரிந்தும் தள்ளினேன். ஏன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. முடிந்துவிட்டால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

இவர் உள்ளே வரும்போது நான் திரையை மூடவில்லை. ஷூவில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே, "அவங்களுக்கு ஜாவா புரோகிராமிங் தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவ்ளோதான் இருக்கா?"

"ம்."

"இன்னிக்கா போச்சு?"

"பாதி இன்னிக்கு. மீதி... செப்டம்பர்லேர்ந்து."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஜன்னலோரம் போய் நின்றார். அங்கிருந்தபடியே, "நா எல்லார்ட்டயும் சொல்லிட்டு இருந்தேனே" என்றார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

மறுநாள் காலையில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஆடு. நா பாக்குறேன்." சின்ன மேஜையில் ஆடினேன். ஒரு கையை மடக்கியதும், "ஏன் ஃபோல்ட் பண்ண?" என்றார். அடுத்த கையில், எதிராளி கட்டியதற்கு ஈடாக நானும் கட்டியதும், "ஏன் கால் பண்ண?" என்றார். நான் தோற்கும்போதெல்லாம் மூச்சை இழுத்து விட்டார். மத்தியானம் வரை பொறுத்துக்கொண்டேன்.

"நீங்க பக்கத்துல உக்காந்தா என்னால ஆட முடியல."

"நா ஆபீஸ்ல இருந்தப்பவும் தோத்துட்டுதான இருந்த? அப்ப யாரு பக்கத்துல உக்காந்திருந்தா?"

நான் எழுந்து, கோட்டுகூடப் போடாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனேன். மாடிப்படியில் இறங்கினால் கார் நிறுத்துமிடம், அங்கிருந்து எங்கே போவது? அழுக்குப் பனி, உப்புத் தூவின நடைபாதை. திரும்பி வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். செத்துப்போனால் தேவலை என்று சினிமாவில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே, இந்தப் படியில், யாருக்கும் தெரியாமல், இப்படியே கல்லாகிவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

எதிர் வீட்டு அக்கா கடைக்குப் போய்விட்டுப் பைகளோடு வந்தார். என்னைத் தாண்டிப் போனார். இரண்டு படி ஏறிவிட்டு நின்றார்.

"என்னம்மா, வீட்ல சண்டையா?"

நான் தலையை ஆட்டினேன். பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆன்லைன் வேலை என்பது சீட்டாட்டம் என்று. ஜெயித்தது, தோற்றது, இவர் வேலை போனது. அவர் வாயில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சூதா?" என்றார் கடைசியில்.

"ம்."

"யா அல்லா. அது எங்களுக்கு ஹராமாச்சே. நல்ல வேள, நீ எனக்குச் சொல்லித் தரல!"

சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரிப்பில் ஆரம்பித்து அழுகையில் போய் முடிந்தது. அவர் தன் சால்வையை எடுத்து என் மேல் போட்டார். "நா என்னவோ நீ என்னயப் படிக்காதவன்னு நெனச்சிட்டன்னு கோவமா இருந்தேன்" என்றார். "நீ செஞ்சது தப்புன்னுதான் சொல்லுவேன். அதுக்காகக் குளிர்ல உக்காந்திருக்கணும்னு இல்ல. எந்திரி, வந்து டீ குடி." அவர் வீட்டு அடுப்பங்கரையில் நின்று இஞ்சி தட்டிப் போட்ட டீயைக் குடித்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பசங்களுக்கு மாக்ரோனி கிளறிக்கொண்டே கடைக் கூட்டாளியின் பேராசையைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் மேஜையில் என் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. "நீ ஆடின ஆட்டமெல்லாம் ஃபைலா சேவ் ஆயிருக்கு, தெரியுமா?" என்றார்.

தெரியும். ஆனால் திறந்து பார்க்கும் தைரியம் வந்ததில்லை.

அவர் தொழில் டெஸ்டிங். அடுத்தவர் எழுதின புரோகிராமில் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பது. அன்றும் மறுநாளும் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அது ஒவ்வொரு ஆட்டத்தையும் காட்டும். ஆனால் யார் ஜெயித்தது என்பதை மறைத்துவிடும். எந்தத் தேதி என்பதையும் மறைத்துவிடும். ஆட்டங்களைக் கலைத்துப் போட்டுக் கொடுக்கும். "ரிசல்ட்ட பாக்காத. நீ எடுத்த முடிவு சரியா, தப்பா, அத மட்டும் சொல்லு" என்றார்.

வேலை தேடும் நேரம் போக மிச்சப் பகலெல்லாம் இதில் போயிற்று. கல்லூரியில் விடைத்தாள் திருத்தியது போலத்தான். வேறு யாரோ ஒரு பெண் ஆடின ஆட்டத்துக்கு மதிப்பெண் போடுகிற மாதிரி. முடித்ததும் அவர் தேதியை மறுபடி சேர்த்தார்.

செப்டம்பரில் நான் எடுத்த முடிவுகளில் பெரிதாகத் தப்பே இல்லை. சரியாக ஆடியே தோற்றிருந்தேன். துரதிர்ஷ்டம், அவ்வளவுதான். அக்டோபரில் தப்புகள் ஆரம்பித்திருந்தன. நவம்பரில், இவர் வேலை போன பிறகு, பார்க்கவே சகிக்கவில்லை. எங்கெல்லாம் அடித்து ஆட வேண்டுமோ அங்கெல்லாம் பதுங்கியிருந்தேன். எங்கெல்லாம் விட்டுவிட வேண்டுமோ அங்கெல்லாம் கடைசிச் சீட்டுவரை போயிருந்தேன். சீட்டு எப்போதோ சரியாகியிருந்தது. நான்தான் சரியாகவில்லை. அதிர்ஷ்டம் என்னை விட்டுப் போன பிறகு அந்த இடத்தில் நானே உட்கார்ந்து என்னைத் தோற்கடித்துக்கொண்டிருந்தேன்.

இதைத் தெரிந்துகொண்டதில் ஆறுதல் வந்ததா என்றால், இல்லை. துரதிர்ஷ்டம் என்றால் யாரையாவது திட்டலாம். இதில் திட்டுவதற்கு ஆள் நான் மட்டும்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தத் திரையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றேன் இவரிடம் ஒரு நாள். முந்தின நாள் அவருடைய இன்டர்வியூ ஒன்று வீட்டு போனிலேயே வந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த கேள்விக்கெல்லாம் ஒரு வரியில் பதில் சொல்லி நிறுத்திக்கொண்டார். தெரியாத ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வழவழவென்று பேசினார். "நா நவம்பர்ல ஆடினேன்ல, அப்படிப் பேசினீங்க நேத்து."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சீட்டாட்டமும் இன்டர்வியூவும் ஒண்ணா?" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சொன்னதை எடுத்துக்கொண்டாரா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

இருக்கிற மேஜைகளிலேயே மிகச் சிறிய மேஜைக்கு நான் இறங்கினேன். ஆடத் தொடங்கின முதல் வாரத்தில் ஆடிய மேஜை. காலையில் கொஞ்ச நேரம் மட்டும். பயந்து ஒரு கை ஆடிவிட்டால் அன்றைக்கு அதோடு சரி. அங்கேயும் முதலில் தோற்றேன். ஜனவரி வந்துவிட்டது. சோபாவை விற்க அபார்ட்மெண்ட் அறிவிப்புப் பலகையில் துண்டுச் சீட்டு ஒட்டினோம். ஒரு குஜராத்தி தம்பதி வந்து மைக்ரோவேவ் அவனையும் புத்தக அலமாரியையும் வாங்கிக்கொண்டு போனார்கள். சென்னைக்கு டிக்கெட் விசாரித்தோம். ராத்திரிச் சாப்பாட்டை ஹாலில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊருக்குப் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நானும், தம்பியிடம் என்ன சொல்வது என்று அவரும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்போம் என்று நினைக்கிறேன்.

சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் கெடு முடியப் போகிற வாரத்தில், நாட்டின் மறுகோடியில் இருக்கும் மில்பிடாஸிலிருந்து போன் வந்தது. கான்ட்ராக்ட் வேலை, முன்பைவிடக் குறைந்த சம்பளம். உடனே வர வேண்டும், விசா மனுவை உடனே போட்டுவிடுகிறோம் என்றார்கள். இவர் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரொம்ப நேரம் தண்ணீருக்குள் இருந்துவிட்டுத் தலையைத் தூக்கினால் முதலில் வருவது இருமல்தான்.

போக்கர் கணக்கில் மிஞ்சியிருந்ததை எடுத்தேன். விமான டிக்கெட்டில் ஒன்றுக்குக் காணும். எதிர் வீட்டு அக்கா வழிக்குக் கட்டித் தந்த சாப்பாட்டில் பாதியை விமான நிலையத்திலேயே சாப்பிட்டுவிட்டோம். கிளம்பும்போது அக்கா, "அங்க போயி அதத் தொடாத" என்றார் என் காதோடு. நான் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டு அவரைக் கட்டிக்கொண்டேன்.

மில்பிடாஸில் பல மாதம் ஆடவில்லை. பக்கத்திலிருந்த பொது நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் இலவச வகுப்பில் உதவிக்குப் போனேன். சம்பளம் இல்லை, ஆனால் கையில் சாக்பீஸ் இருந்தது. பிறகு கோடையில் மறுபடி ஆரம்பித்தேன். இந்தத் தடவை வாடகைக்காக இல்லை. இவர் சம்பளத்தில் வீடு நடக்கும், நடக்காவிட்டால் அதற்கு வேறு வழி பார்ப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். விட்ட பணத்தைத் திரும்பப் பிடிக்கவில்லை. பிடிக்க முயலவும் இல்லை.

அடுத்த தோல்விக் காலமும் வந்தது. வராமல் இருக்காது. அது ஆரம்பித்த அன்று, ஆடி முடித்ததும் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றும் மாறவில்லை, நான் அப்படியேதான் இருக்கிறேன் என்று பயந்துபோனேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டு ரசம் வைத்தேன். இவர் வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னிக்குத் தோத்துட்டேன்" என்றேன், சோறு போடும்போதே.

"எவ்ளோ?"

சொன்னேன்.

அவர் அப்பளத்தை உடைத்தார். "சரியா ஆடினியா?"

"பெரிய கை மூணு. ரெண்டு சரியாத்தான் ஆடினேன்."

"மூணாவது?"

"பயந்துட்டேன்."

"சரி" என்றார். "இன்னும் கொஞ்சம் ரசம் விடு."